வெளிநாட்டில் பயின்ற தாதியும் நம் நாட்டுப் பதிவேடும்

தோட்டத்து டிரஸரை அறியாத பாட்டாளி நம்மிடையே இல்லை. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவரும், உளி பட்ட விரலுக்குக் கட்டுப் போட்டவரும், பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய நோயாளி யார் என்று முடிவு செய்தவரும் அவரே. முற்காலத்தில் அவர் எங்குப் பயின்றார், எத்தனை ஆண்டு பயின்றார் என்று லயத்தில் இருப்போர் கேட்டறியும் வழக்கம் இல்லை. வெள்ளைச் சட்டையும் மருந்து அலமாரியின் சாவியுமே அவருடைய தகுதிக்குச் சான்றாக விளங்கின. 1965ஆம் ஆண்டில் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்ட பின்னர் அந்நிலை மாறியது. தகுதி உடையோரின் பெயரை ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தல் வேண்டும் என்றும், அப்பதிவேட்டைக் காத்து வர ஒரு வாரியம் வேண்டும் என்றும் சட்டம் கூறிற்று.

டிரஸருக்கு அமைந்த இவ்வேற்பாடு, தாதியருக்கு அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவே அமைந்துவிட்டது. 1950ஆம் ஆண்டில் தாதியர் பதிவுக்கென ஒரு சட்டம் பிறந்தது. 1969இல் திருத்தி வெளியிடப்பட்ட அச்சட்டமே இன்று தாதியர் சட்டம், சட்ட எண் 14 என வழங்குகிறது. அதன்கீழ் இயங்குவது மலேசியத் தாதியர் வாரியம். மலாய் மொழியில் லெம்பாகா ஜுருராவாட் மலேசியா. சுகாதாரத் தலைமை இயக்குநரே அதன் தலைவர். இவ்வாரியத்தின் பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவர், எத்துணைப் பெரிய கல்லூரியில் பயின்றிருப்பினும், நம் நாட்டில் தம்மைத் தாதி என்று கூறிக்கொண்டு பணிபுரிதல் குற்றமாகும்.

இச்செய்தியை இவ்விதழில் விரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. புக்கிட் பெருந்துங், பத்தாங் காலி, ஈஜோக், புக்கிட் ரோத்தான், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களில் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் பலர். மகளை என்ன படிக்க வைக்கப் போகிறீர்கள் என்று அவர்களை வினவினால், மிஸ்ஸி வேலைக்குத்தான் என்னும் விடை பல வீடுகளில் கிடைக்கும். உள்நாட்டில் இடம் கிடைக்காதபோது வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றின் விளம்பரத் தாளுடன் ஒரு முகவர் வந்து சேர்கிறார். பிள்ளைகளின் உயர்கல்விக்காக ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுப்பதற்கு விதி இடம் தருகிறது. இருபது, முப்பது ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்று சேர்த்த தொகை ஒரு கையொப்பத்தில் வெளியே வருகிறது. அக்கையொப்பம் இடுவதற்கு முன்னர்ப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது, பட்டம் வேறு, பணிபுரியும் உரிமை வேறு என்பதே. பட்டத்தைக் கல்லூரி தரும். உரிமையை அந்தந்த நாட்டின் வாரியம் தரும். ஒன்று கிடைத்தமையால் மற்றொன்றும் கிடைத்துவிடும் என்று எண்ணி ஏமாந்தோர் நம் நாட்டில் மட்டும் இல்லை.

பதிவேடு பிறந்த வரலாறு

உலகில் தாதியருக்கென்று தனிச் சட்டம் இயற்றிப் பதிவேடு திறந்த முதல் நாடு நியூசிலாந்து. அச்சட்டம் 1901இல் நிறைவேறியது. மறு ஆண்டு ஜனவரித் திங்கள் 10ஆம் நாள் எல்லன் டோஹர்ட்டி என்னும் அம்மையாரின் பெயர் அப்பதிவேட்டில் முதற்பெயராக எழுதப்பெற்றது. பிரிட்டன் 1919இல் இவ்வழியைப் பின்பற்றியது. நம் முன்னோர் கப்பலேறிய சென்னை மாகாணத்தில் 1926ஆம் ஆண்டிலேயே தாதியர், மருத்துவச்சியர் சட்டம் வந்துவிட்டது. இன்றைய தமிழ்நாடு தாதியர் மன்றம் அதன் வழித்தோன்றலாகும். இந்தியா முழுமைக்குமான தாதியர் மன்றச் சட்டம் 1947இல் வந்தது. மலாயாவின் சட்டம் வந்தது 1950இல் என்பதை முன்னரே கூறினோம்.

இத்தனை நாடுகள் ஒரே முடிவுக்கு வந்தமைக்குக் காரணம் எளிது. கடையில் வாங்கும் அரிசி நல்லதா என்று கையில் எடுத்துப் பார்த்து நாம் அறியலாம். படுக்கையில் நினைவின்றிக் கிடக்கும் நோயாளி, தமக்கு ஊசி போட வரும் தாதி மருந்தின் அளவை அறிந்தவரா என்று எவ்வாறு சோதிப்பார்? குழந்தைக்குரிய மருந்தளவு பெரியவர்க்குரிய அளவின் ஒரு சிறு பகுதியாக இருக்கும். புள்ளி ஒன்று இடம் மாறினால் உயிர் போகும். ஆதலின், நோயாளி செய்ய இயலாத சோதனையை அவர்பொருட்டு முன்கூட்டியே செய்து வைப்பது வாரியத்தின் கடமையாயிற்று.

எனினும் ஒவ்வொரு நாடும் தன் தன் தேவைக்கேற்பப் பாடத்தை வகுத்துக் கொண்டது. ஒரு நாட்டில் மூன்றாண்டு, மற்றொரு நாட்டில் நான்காண்டு. ஒரு நாட்டில் பிள்ளைப்பேற்றுப் பயிற்சி தாதியர் பாடத்தினுள் அடங்கும். நம் நாட்டிலோ மருத்துவச்சியாகப் பணிபுரியும் உரிமை 1966ஆம் ஆண்டின் மருத்துவச்சியர் சட்டத்தின்கீழ் வேறொரு வாரியத்தையும் வேறொரு பதிவேட்டையும் சார்ந்தது. எனவே எல்லை தாண்டி வரும் சான்றிதழை அப்படியே ஏற்றுக்கொள்ள எந்த வாரியத்தாலும் இயலாது. ஒப்பு நோக்கியே தீர வேண்டும்.

பிரிட்டனுக்குச் சென்றோர் கண்ட இரு பாதை

இவ்வொப்பு நோக்கில் எத்தகைய இழப்பு நேரக்கூடும் என்பதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய மெய்யான வரலாறு ஒன்று உண்டு. 1960களிலும் 1970களிலும் பிரிட்டனின் மருத்துவமனைகளில் பயிற்சித் தாதியருக்குப் பெரும் பற்றாக்குறை நிலவியது. கரிபியத் தீவுகள், அயர்லாந்து, மொரிஷியஸ், மலேசியா முதலிய இடங்களிலிருந்து இளம்பெண்களை அவை வரவழைத்தன. பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகையும் தங்குமிடமும் கிடைக்கும் என்பதால், கல்லூரிக் கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களுக்கு இது பெரும் வாய்ப்பாகத் தோன்றிற்று. மலேசியாவிலிருந்து மலாய், சீன, இந்தியப் பெண்கள் பலர் சென்றனர்.

அங்கே அவர்களுக்கு முன் இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று மூன்றாண்டுப் பயிற்சி. அதில் தேறியோர் அரசுப் பதிவு பெற்ற தாதி, அதாவது எஸ்.ஆர்.என். எனப்பட்டனர். மற்றொன்று இரண்டாண்டுப் பயிற்சி. அதில் தேறியோர் எஸ்.இ.என். எனப்பட்டனர், இவர்களின் பெயர் எழுதப்பட்டது வேறொரு பட்டியலில். உதவித் தாதியர் பட்டியல் என 1943ஆம் ஆண்டின் சட்டத்தால் தொடங்கப்பட்ட இதற்கு, 1961இல் எஸ்.இ.என். என்னும் பெயர் வந்தது.

இரு பிரிவினரும் ஒரே வார்டில் நின்றனர். ஒரே நோயாளியைத் தூக்கினர். ஒரே இரவுப் பணியைச் செய்தனர். ஊருக்கு அனுப்பிய புகைப்படத்தில் இருவரும் சீருடையில் சிரித்துக்கொண்டு நின்றனர். வேறுபாடு எழுத்தில் மட்டும் இருந்தது. எஸ்.இ.என். பெற்றோர் பிரிட்டனிலேயே வார்டுப் பொறுப்பாளராக உயர்வது அரிதாயிருந்தது. அவர்கள் தம் தாய்நாட்டுக்குத் திரும்பியபோது அதனினும் பெரிய ஏமாற்றம் காத்திருந்தது. அச்சான்றிதழை முழுத் தகுதி பெற்ற தாதியின் சான்றிதழாகப் பல நாடுகள் ஏற்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பெண்களுள் பலர் எஸ்.இ.என். பாதைக்கே திருப்பப்பட்டனர் என்பதும், இரண்டுக்குமுள்ள வேறுபாடு தொடக்கத்தில் அவர்களுக்குத் தெளிவாக எடுத்துரைக்கப்படவில்லை என்பதும் அக்காலத்துத் தாதியர் பலரும் பிற்காலத்தில் கூறிய செய்தி.

சிலர் மீண்டும் பயிற்சிக்குச் சென்று எஸ்.ஆர்.என். ஆயினர், அவர்களின் மன உறுதியைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய கடமை உடைய எல்லாராலும் அது முடிந்திருக்குமா? எஸ்.இ.என். பயிற்சியைப் பிரிட்டனே 1990களின் தொடக்கத்தில் கைவிட்டுவிட்டது. ஆயினும் ஒரே சீருடைக்குள் இரு தகுதி என்னும் ஏற்பாடு உலகில் மறைந்துவிடவில்லை. நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரில் இன்றும் பதிவு பெற்ற தாதி என்றும் பட்டியல் தாதி என்றும் இரு நிலைகள் உள்ளன. பயிற்சிக்கோ வேலைக்கோ வரும் கடிதத்தில் எந்த நிலை குறிக்கப்பட்டுள்ளது என்று பார்ப்பதே அக்கடிதத்தைப் படிக்கும் முறை. சம்பளத் தொகை அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது.

இந்தியாவின் மூன்று படிகள்

நம் சமூகத்தார் பெரிதும் நாடும் இடம் தமிழ்நாடு. மொழி தெரியும், உறவினர் இருப்பர், உணவு ஒத்துக்கொள்ளும் என்பன இதற்குக் காரணம். அங்குத் தாதியர் கல்வி மூன்று படிகளாக அமைந்திருக்கிறது. கீழ்ப்படி ஏ.என்.எம். எனப்படும் துணைத் தாதி, மருத்துவச்சிப் பயிற்சி; இரண்டாண்டுக் காலம். அடுத்தது ஜி.என்.எம். எனப்படும் பொதுத் தாதி, மருத்துவச்சிப் பயிற்சி; முன்னர் மூன்றரை ஆண்டாக இருந்து பின்னர் மூன்றாண்டாகச் சுருக்கப்பட்டது. மேற்படி பி.எஸ்ஸி. நர்சிங் பட்டம், நான்காண்டு. கிராமங்களில் தாய் சேய் நலப் பணிக்கென வகுக்கப்பட்ட ஏ.என்.எம். பயிற்சியை நம் நாட்டுத் தாதியர் டிப்ளோமாவோடு ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. ஓராண்டு, ஆறு திங்கள் எனக் குறுகிய காலத்தில் தாதியர் பயிற்சி தருவதாகக் கூறும் நிலையங்களும் உள்ளன. அவற்றின் தாள் எவ்வளவு பளபளப்பாக இருப்பினும் அது இம்மூன்று படிகளுள் எதிலும் சேராது.

இங்கே தமிழ்நாட்டின் கல்வியைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய வேலூர்க் கிறித்துவ மருத்துவமனையில் தாதியர் பள்ளி 1909இல் தொடங்கியது. 1946இல் பட்டப் படிப்பும் வந்தது. இந்தியாவில் தாதியர் பட்டக் கல்வி தொடங்கிய முதல் இடங்களுள் அது ஒன்று. அத்தகைய கல்லூரியில் பயின்றவரும் நம் நாட்டிற்கு வந்தால் வாரியத்தின் முன் விண்ணப்பத்துடன் நிற்கவே வேண்டும். கல்லூரியின் புகழ் விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கலாம், விண்ணப்பத்துக்கு ஈடாகாது.

மேலும் ஒன்று. இந்தியாவில் கல்லூரியின் தரத்தை நடுவண் மன்றம் பார்க்கிறது. தாதியின் பெயரைப் பதிவது மாநில மன்றம். பிறநாட்டு வாரியங்கள் விண்ணப்பதாரரிடம், நீர் பயின்ற இடத்தில் பதிவு பெற்றிருக்கிறீரா என்று கேட்கின்றன. ஆகவே மலேசியக் குடிமகளாகிய மாணவியின் பெயரைப் படிப்பு முடிந்ததும் அம்மாநில மன்றம் பதியுமா, அதற்கு என்ன வேண்டும் என்பதைச் சேர்வதற்கு முன்னரே கல்லூரியிடமும் மன்றத்திடமும் எழுதிக் கேட்டுக்கொள்ளுதல் இன்றியமையாதது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தேசியத் தாதியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2023இல் நிறைவேற்றியிருக்கிறது. எனவே அக்காள் படித்த காலத்து நடைமுறை தங்கைக்கும் பொருந்தும் என்று கருதுதல் வேண்டா.

வாரியம் எதைப் பார்க்கிறது?

உள்நாட்டில் பயின்ற தாதியும் கல்லூரித் தேர்வோடு நில்லாமல் வாரியத்தின் தேர்வில் தேறிய பின்னரே பதிவு பெறுகிறார் என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். வெளிநாட்டில் பயின்றவருக்கென்று வாரியம் தனிச்சுவர் எழுப்பி நிற்கிறது என்னும் மனக்குறை பொருத்தமற்றது.

வெளிநாட்டில் பயின்றவரின் விண்ணப்பத்தில் வாரியம் பட்டத்தின் பெயரைப் பார்த்து அமைவதில்லை. உள்ளே எத்தனை மணி நேரம் பாடம், எத்தனை மணி நேரம் வார்டுப் பயிற்சி என்று பார்க்கிறது. மருத்துவப் பிரிவு, அறுவைப் பிரிவு, குழந்தைப் பிரிவு, பிள்ளைப்பேற்றுப் பிரிவு, மனநலப் பிரிவு என ஒவ்வொன்றிலும் மாணவி செலவிட்ட காலம் கல்லூரியின் பாடப்பதிவுத் தாளில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். மதிப்பெண் மட்டும் அச்சிட்ட தாள் போதாது. இவ்விவரத் தாளைப் படிப்பு முடிந்த கையோடு கல்லூரி முத்திரையுடன் பெற்றுக்கொள்வது நன்று. ஐந்தாண்டு கழித்துக் கடல் கடந்து கடிதம் எழுதிப் பெறுவதற்குள் அங்குள்ள அலுவலர்களே மாறியிருப்பர்.

பள்ளிச் சான்றிதழும் பார்க்கப்படும். எஸ்.பி.எம். தேர்வில் பெற்ற தேர்ச்சி தாதியர் கல்விக்கு நுழைவாயில். அந்த அடிப்படை இல்லாதவரையும் சேர்த்துக்கொள்ளும் வெளிநாட்டுக் கல்லூரி உண்டு என்று முகவர் கூறினால், அது மகிழ்ச்சிக்குரிய செய்தியாகத் தோன்றலாம். திரும்பி வரும்போது அதுவே தடையாகவும் கூடும். அரசாங்க மருத்துவமனையில் வேலை பெற விழைவோர்க்கு மலாய் மொழித் தேர்ச்சியும் வேண்டும். வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்கும் தகுதி உடையதா என்று ஆராய்வதற்கு மலேசியத் தகுதி முகமை என்னும் தனி அமைப்பும் இருக்கிறது. பட்டம் ஏற்கப்படுவது, பதிவு கிடைப்பது, வேலை கிடைப்பது என இவை தனித்தனியே திறக்க வேண்டிய கதவுகள்.

பதிவு பெற்ற நாட்டின் வாரியத்திடமிருந்து ஓர் உறுதிக் கடிதமும் வேண்டும். இன்னார் எம் பதிவேட்டில் உள்ளார், அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இல்லை என்று கூறும் அக்கடிதம் விண்ணப்பதாரரின் கைக்கு வராமல் ஒரு வாரியத்திலிருந்து மற்றொரு வாரியத்துக்கு நேராகச் செல்வதே பல நாடுகளில் முறை. என் மகளை நம்பவில்லையா என்று பெற்றோர் மனம் வருந்தக்கூடும். 2023ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அமெரிக்காவில் வெளிவந்த வழக்கை எண்ணிப் பார்த்தால் அவ்வருத்தம் குறையும். புளோரிடா மாநிலத்தின் மூன்று தாதியர் பள்ளிகளின் பெயரால் 7,600க்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விலைக்கு விற்கப்பட்டன என்று கூறி அந்நாட்டு நடுவண் அரசு 25 பேர்மீது வழக்குத் தொடுத்தது. சான்றிதழை விலைக்கு வாங்கியோருள் பலர் உரிமத் தேர்விலும் தேறி, மருத்துவமனைகளில் வேலைக்கும் சேர்ந்துவிட்டனர். காகிதத்தைக் காகிதத்தோடு மட்டும் ஒப்பிட்டால் நேரும் விளைவு இது.

இனி, நம்மவர்க்கே உரிய ஒரு சிக்கலைக் கூற வேண்டும். பெயர்! அடையாள அட்டையில் தந்தை பெயர் மகளின் பெயருக்குப் பின்னே அ/பெ என்னும் குறியோடு வருகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரியிலோ தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னே இட்டு எழுதிவிடுவர். லெட்சுமி என்று ஒரு தாளிலும் லக்ஷ்மி என்று மறு தாளிலும் ஆங்கில எழுத்துகள் வேறுபடும். பிறப்புப் பதிவின்போது தோட்டத்துக் கிராணி தம் காதில் விழுந்தவாறு எழுதிக் கொடுத்த பெயர்கள் நம்மிடையே எத்தனை! நமக்கு இருவரும் ஒருவரே. தாளை மட்டும் காணும் அலுவலருக்கு அவர்கள் இரு வேறு பெண்கள். கல்லூரியில் சேரும் நாளிலேயே கடவுச்சீட்டில் உள்ளவாறு எழுத்துக்கு எழுத்து பெயரைப் பதியச் சொல்லுதல் வேண்டும். முன்னரே பிழை நேர்ந்துவிட்டதாயின், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் செய்து வைத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் நிறைவாக இருந்தாலும் வாரியம் உடனே பதிந்துவிடும் என்பதில்லை. பாடத்தில் குறை கண்டால் தேர்வெழுதுமாறும், ஒரு மருத்துவமனையில் மேற்பார்வையின்கீழ்ப் பணிபுரியுமாறும் பணிக்கலாம். பதிவேடும் ஒரே பட்டியலாக இல்லாமல் பல பகுதிகளாகப் பிரிந்தது. எந்தப் பகுதியில் பெயர் எழுதப்படுகிறதோ அதற்குரிய பணியே செய்யலாம். பதிவு பெற்ற பின்னரும் ஆண்டுதோறும் பணிச் சான்றிதழைப் புதுப்பித்தல் வேண்டும்; டிசம்பர் 31ஆம் நாளோடு அது முடிவுறும். தொடர்ந்து கற்று வருகிறார் என்பதற்கான புள்ளிகள் இல்லாமல் அது புதுப்பிக்கப்படுவதில்லை.

இங்கு வருவோரும் இங்கிருந்து செல்வோரும்

கோலாலம்பூரின் தனியார் மருத்துவமனைகளில் வேற்று நாட்டுத் தாதியரைக் கண்டவர்கள், நம் பிள்ளைகளுக்கு இத்தனை நிபந்தனை, அவர்களுக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்பதுண்டு. அவர்களுக்கும் உண்டு. வேற்று நாட்டுக் குடிமக்களுக்கு வாரியம் வழங்குவது தற்காலிகப் பணிச் சான்றிதழே. அதனை வேலைக்கு அமர்த்தும் மருத்துவமனையோடு சேர்த்தே தருகிறது. தாதி தம் விருப்பம்போல் இடம் மாற இயலாது. அடிப்படைப் பயிற்சிக்கு மேலாகத் தீவிர சிகிச்சை போன்ற ஒரு துறையில் சிறப்புப் பயிற்சியும் அவர்கள் பெற்றிருத்தல் வேண்டும் என்பது விதியாக இருந்தது. தாதியர் பற்றாக்குறை மிகுந்ததால் 2023ஆம் ஆண்டு அக்டோபரில் சுகாதார அமைச்சு அவ்விதியை ஓராண்டுக் காலத்துக்குத் தளர்த்தியது. அப்போதும் ஒரு மருத்துவமனையின் மொத்தத் தாதியருள் 40 விழுக்காட்டுக்கு மேல் வேற்று நாட்டவர் இருத்தல் கூடாதென வரம்பிட்டது.

இப்பற்றாக்குறைக்கு ஒரு காரணம், நம் தாதியர் வெளிநாடு செல்வது. அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால் செல்வோரும் இதே பாடத்தை மறு முனையிலிருந்து படிக்க வேண்டியவராகின்றனர். சிங்கப்பூரில் வேலைக்கு அமர்த்துவோர் வழியாகவே விண்ணப்பம் செல்லும். அந்நாட்டு வாரியத்தின் உரிமத் தேர்வும் உண்டு. பிரிட்டனில் முதலில் கணினி வழித் தேர்வு. அதன்பின் அந்நாட்டிலேயே செய்து காட்டும் செயல்முறைத் தேர்வு. ஆங்கிலத் தேர்வாகிய ஐயெல்ட்ஸில் படித்தல், கேட்டல், பேசுதல் ஆகிய ஒவ்வொன்றிலும் 7 புள்ளியும் எழுதுதலில் 6.5 புள்ளியும் வேண்டும். பதினைந்தாண்டு அனுபவம் உடைய மலேசியத் தாதியும் அங்கே மாணவி போல் அமர்ந்து எழுதுகிறார்.

கோல குபு பாரு மருத்துவமனையிலோ தஞ்சோங் காராங் மருத்துவமனையிலோ நம் தாயாரை இரவில் விட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பும்போது, அங்குள்ள தாதி யார், எங்குப் பயின்றவர் என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. நமக்கு முன்னரே அக்கேள்வி கேட்கப்பட்டுவிட்டது.

எழுதிக் கேட்க வேண்டியவை

மகளை வெளிநாட்டுக்கு அனுப்பக் கருதும் பெற்றோர், புத்ராஜெயாவில் சுகாதார அமைச்சில் உள்ள மலேசியத் தாதியர் வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம். மலாய் மொழியில் ஒரு பக்கம் போதும்; தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரோ மகளோ எழுதித் தரலாம். அதில் கல்லூரியின் முழுப்பெயர், ஊர், மாநிலம், படிப்பின் பெயர், ஆண்டுகள் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். முகவர் கொடுத்த விளம்பரத் தாளின் படியையும் உடன் இணைக்கலாம். இப்படிப்பை முடித்து வரும் மலேசியக் குடிமகள் தாதியாகப் பதிவு பெற விண்ணப்பிக்க இயலுமா, பதிவேட்டின் எந்தப் பகுதியில், தேர்வோ மேற்பயிற்சியோ உண்டா, என்னென்ன தாள்கள் வேண்டும் என்று கேட்க வேண்டும். மகளின் எஸ்.பி.எம். தேர்ச்சியையும் எழுதி, அது போதுமானதா என்றும் வினவ வேண்டும்.

தொலைபேசியில் கிடைக்கும் ஆம் என்னும் சொல்லையும், முகவர் தாமே கேட்டுவிட்டதாகக் கூறும் சொல்லையும் விடையாகக் கொள்ளலாகாது. முகவர் மெய்யாகவே கேட்டிருந்தால் அவரிடம் கடிதம் இருக்கும். அதைக் காட்டுமாறு கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வாரியத்தின் பதிலை மகளின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். நான்காண்டு கழித்து அவர் திரும்பும்போது அது பயன்படும். அப்பதில் கைக்கு வரும்வரை சேமநிதிப் படிவத்தில் கையொப்பமிட வேண்டுவதில்லை.